கொலீமா மண்ணில் மரியதாஸ் மகன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் அதை விடவில்லை, அதுதான் என்னை விட்டது. சைதாப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சுருள் பெருக்கப் போனேன். அங்கே தொடங்கி ஈக்காட்டுத்தாங்கலில் சொந்தப் பட்டறை கட்டினேன். "உனக்கெல்லாம் யாருய்யா கரண்ட் குடுப்பான்?" என்று கேட்ட ஆளின் வீட்டு மோட்டாருக்கே பிறகு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தேன். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் கடலுக்குப் போகிற படகுகளில் பாதி, நான் நேர் செய்த ஷாஃப்டில்தான் ஓடுகிறது. அடையாற்று வெள்ளத்தில் லேத்துகள் எல்லாம் சேற்றுக்குள் போன வருஷம், "எடைக்குப் போட்டுடு மாமா" என்றார்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி ஓட்டிக் காட்டினேன். மயிலாப்பூரில் மாடி வீடு கட்டினேன். அதன் கிரில் கேட்டு வரை என் கை. என்னிடம் வேலை கற்று இன்று முதலாளி என்று திரிகிறவர்கள் கிண்டி முழுக்க இருக்கிறார்கள்.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நினைத்ததை முடிக்காமல் நான் திரும்பிய இடம் ஒன்றே ஒன்று. அது மெக்சிகோ தேசத்தில், பசிபிக் கடலோரம் இருக்கிற கொலீமா மாநிலம். கப்பல்காரர் குடும்பங்களின் ஆண்டு மலருக்கு அதைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பூகோளம், ஜனத்தொகை, சரித்திரம் எல்லாம் வர வேண்டுமாம். வரும். ஆனால் நான் போனது ஊர் பார்க்க இல்லை. என் மகனை வீட்டுக்குக் கொண்டுவரப் போனேன்.

மகன் பெயர் பெனடிக்ட். வீட்டில் பென்னி. கப்பலில் ஃபிட்டர். கொரோனா காலத்தில் அவன் கப்பல் கொலீமாவின் மன்சனீயோ துறைமுகத்தில் நின்றபோது காய்ச்சல் கண்டு, கரையில் இறக்கி, அங்கேயே போய்விட்டான். உடலை அனுப்ப வழியில்லை, அடக்கம் ஆயிற்று என்று தகவல் மட்டும் வந்தது. துறைமுகத்துப் பக்கம் சாப்பாட்டுக்கடை நடத்துகிற ஒரு அம்மா கல்லறையைப் பார்த்துக்கொள்கிறார் என்று கூட வேலை செய்த பையன் சொன்னான். ஒரு போட்டோவும் அனுப்பினான். கல் முழுக்கப் பூ. எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

மந்தைவெளிப் பக்கத்தில் எங்கள் குடும்பக் குழி இருக்கிறது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் என் மனைவி பிலோமினா அங்கே உட்கார்ந்துகொண்டு எழுந்து வரமாட்டாள். "எனக்கு முட்டி போச்சு, இல்லாட்டி நானே போயிருப்பேன்" என்றாள். "எலும்பா இருந்தாலும் பரவால்ல. கூட்டிக்கினு வா. என் பக்கத்துல படுக்கட்டும்."

"கூட்டிக்கினு வரேன்" என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

*

கொலீமாவுக்குப் பக்கத்து மாநிலத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற ராகவன் என்னைத் தன் காரில் அழைத்துப் போனார். மயிலாப்பூர் மாடவீதியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவின் காப்பிக்கொட்டைக் கடைக்கு அரவை மெஷின் செய்து கொடுத்தவன் நான். அந்த மெஷின் இன்னும் ஓடுகிறது. இதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.

"தெரியும் மாமா. அப்பா தினம் சொல்லுவார். அது ஓடறச்சே தெருவே தூங்காதுன்னு" என்றார்.

மழைக்காலம். கொலீமாவுக்குள் நுழைகிற இடத்தில் வடக்கே இரண்டு பெரிய மலைகள். ஒன்றில் குளிர்காலத்தில் பனி பிடிக்கும். இன்னொன்று எரிமலை, அவ்வப்போது புகைவிட்டுக்கொண்டே இருப்பது. மேகம் மூடி இரண்டுமே தெரியவில்லை.

"சாதாரணமா ஜோரா தெரியும் மாமா. இன்னிக்குப் பாருங்கோ, மூடிண்டிருக்கு."

"நான் மலை பாக்க வரல தம்பி."

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். பாவம், நல்ல மனிதர். லீவு போட்டு வந்தவர்.

மெக்சிகோவின் மிகச் சின்ன மாநிலங்களில் இது ஒன்று. காலையில் மலையடியில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டைக் கடலோரத்தில் சாப்பிடலாம். மேலே கரும்பு, கீழே வர வர எலுமிச்சையும் தென்னையும், அப்புறம் உப்பளம், அப்புறம் கடல். ஜனத்தொகை ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. நம் சைதாப்பேட்டை, வேளச்சேரி, அடையாறு மூன்றையும் கூட்டினால் அதைத் தாண்டிவிடும் போலிருக்கிறது. இவ்வளவு கொஞ்சம் பேர் இருக்கிற இடத்தில் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ரோட்டோரத்தில் ராணுவக்காரர்கள் துப்பாக்கியோடு லாரிகளில் நிற்கிறார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

தெகொமான் என்ற ஊருக்கு முன்னால் கார் புகைந்தது. ரேடியேட்டர் ஹோஸ் வாயில் பிளந்துவிட்டது. ராகவன் போனை எடுத்து மெக்கானிக் தேடினார். நான் இறங்கி, அவருடைய ஆப்பிள் வெட்டுகிற கத்தியால் பிளந்த நுனியை அறுத்துத் தள்ளி, கிளாம்பை இறக்கி முறுக்கினேன். தோப்பு வாய்க்காலில் தண்ணீர் பிடித்து ஊற்றினோம். வண்டி கிளம்பியது.

"இந்தக் கத்திய இனிமே ஆத்துல வெச்சுக்க முடியாது மாமா."

"தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு. காரையா தூக்கிப் போட முடியும்?"

சுற்றிலும் எலுமிச்சைத் தோப்பு. மழையில் இலை வாசனை தொண்டைவரை வந்தது. அங்கே ஒருவர் தோளில் தடி வைத்து, இரண்டு பக்கமும் சுரைக்குடுக்கை தொங்கவிட்டு, ஏதோ விற்றுக்கொண்டு வந்தார். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. தென்னங்கள்! வேர்க்கடலையை மேலே தூவிக் கொடுக்கிறார்கள். இதை அங்கே தூபா என்கிறார்கள். நம் ஊரில் இறக்கினால் போலீஸ் வரும். அங்கே பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண்கள் நின்று குடிக்கிறார்கள்.

சரித்திரத்தை ராகவன் சொன்னார். ஸ்பெயின்காரர்கள் வந்து இந்த நாட்டைப் பிடித்தபிறகு, பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து பட்டும் வாசனைச் சாமானும் ஏற்றிய கப்பல்கள் இந்தக் கடலோரத்துக்கு வந்தன. அவற்றில் வேலை செய்த ஆட்களில் பலர் திரும்பிப் போகாமல் இங்கே தங்கிவிட்டார்கள். தென்னை நட்டு, பாளை சீவிக் கள் இறக்க இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

"அவங்க பேரு இன்னா?" என்று கேட்டேன்.

"யாரு பேரு மாமா?"

"அந்தக் கப்பல்காரங்க பேரு."

"அதெல்லாம் யார் எழுதி வெச்சா? அவாளுக்கு இங்க வேற பேர் வெச்சுட்டா."

குடுக்கைக்காரர் இன்னொரு டம்ளர் நீட்டினார். வேண்டாம் என்றுவிட்டேன்.

*

மறுநாள் மன்சனீயோ. அந்தக் கடற்கரையில் மெக்சிகோவின் பெரிய துறைமுகம் அதுதான். கண்டெய்னர் லாரிகள் ஊருக்கு வெளியிலிருந்தே வரிசை கட்டி நிற்கின்றன. டிரைவர்கள் லாரிக்கு அடியில் தூளி கட்டித் தூங்குகிறார்கள். நாங்கள் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டு, காலையில் சேர வேண்டிய இடத்துக்கு மத்தியானம் சேர்ந்தோம். மணல் கறுப்பு. அலை உயரம். நம் பெசன்ட் நகர் கடற்கரை மாதிரி கால் நனைக்கிற கடல் இல்லை அது.

சாப்பாட்டுக்கடை அம்மாவின் பெயர் லூஸ். வெளிச்சம் என்று அர்த்தமாம். நம் லஸ் கார்னரின் லஸ்தான். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், கனத்த உடம்பு, வெள்ளை முடியைப் பின்னிப் போட்டிருந்தார். நான் யார் என்று ராகவன் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு என்னவோ சொன்னார்.

"காது மட்டும் உங்க காதுங்கறா மாமா. மத்ததெல்லாம் அம்மா ஜாடையா இருக்கணும்ங்கறா."

உண்மைதான். பென்னிக்கு பிலோமினா முகம்.

தட்டு தட்டாகக் கொண்டுவந்து வைத்தார். பச்சை மீனைக் கொத்தி எலுமிச்சைச் சாற்றிலேயே பக்குவமாக்கி, மொறுமொறுப்பான சோள அடைமேல் வைத்துத் தருகிறார்கள். மீனை அடுப்பில் காட்டாமலே தின்பேன் என்று நான் நினைத்ததில்லை. தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. ராகவன் சோறும் பீன்ஸும் வாங்கிக்கொண்டு, அதில் பன்றிக்கொழுப்பு போட்டிருக்கிறதா என்று மூன்று தரம் கேட்டார். சோளத்தைப் புளிக்கவைத்து உப்பும் எலுமிச்சையும் போட்ட ஒரு பானம் வந்தது. ஆடி மாதத்துக் கூழேதான், இனிப்புதான் கூட.

"உங்க பிள்ளை இதை ரெண்டு கிளாஸ் குடிப்பான்" என்றார் லூஸ். "கப்பல் வரும்போதெல்லாம் வருவான். என் கிரைண்டர் நின்று போனால் அவன்தான் பார்ப்பான். காசு வாங்க மாட்டான். எங்க அப்பா கையைவிட என் கை மட்டம் என்று சொல்லுவான்."

ராகவன் இதைத் தமிழில் சொல்லிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டார். நான் கூழைக் குடித்து முடித்தேன்.

கடைக்கு எதிரே துறைமுகச் சுவர். அது நெடுகக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம், கீழே பெயர். ஏதோ எலெக்‌ஷன் என்று நினைத்தேன்.

"காணாமப் போனவா மாமா" என்றார் ராகவன். "இங்க போதைமருந்துக் கூட்டங்களுக்குள்ள சண்டை. பசங்களத் தூக்கிண்டு போயிடறா. பெத்தவாளே கடப்பாறை எடுத்துண்டு காடு மேடெல்லாம் தோண்டித் தேடறா."

எல்லா முகமும் பென்னி வயசு. மழையில் பாதி காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது.

*

கல்லறைத் தோட்டம் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து துறைமுகத்துக் கிரேன் எல்லாம் தெரியும். கல்லறைகளுக்கு நீலமும் ரோஸும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், சின்னச் சின்ன வீடு மாதிரி. சிலவற்றின்மேல் கொழுத்த மண் நாய் பொம்மை. அந்தக் காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் செத்தவர்களோடு வழித்துணைக்கு மண் நாயை வைத்துப் புதைப்பார்களாம். சிரித்த முகமாக இருந்தன அந்த நாய்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லூஸ் ஒரு கல்லின் முன்னால் நின்று, காய்ந்த பூவை எடுத்துப் போட்டுவிட்டு, முந்தானை மாதிரி போட்டிருந்த துண்டால் துடைத்தார். எனக்கு இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தெரியும். பெனடிக்ட் என்று இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வார்த்தை. அதையும் படித்தேன். ராமோஸ்.

"இன்னாது ராமோஸ்?"

ராகவன் மெல்ல, "அது அந்த அம்மாவோட குடும்பப் பேர் மாமா" என்றார்.

"எம் பையனுக்கு எதுக்கு அவங்க குடும்பப் பேரு? இவன் மரியதாஸ் மகன். எம். பெனடிக்ட். என் பேரு எங்க?" நான் கத்தியதில் தோட்டக்காரன் திரும்பிப் பார்த்தான்.

லூஸ் பதறவில்லை. பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து சொன்னார். ராகவன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

அந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பின்னால் இரண்டு குடும்பப் பெயர். முதலில் அப்பா வழி, அடுத்தது அம்மா வழி. பென்னியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. நம்மில் யாருக்கு அது இருக்கிறது? அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கும். கடைசிப் பக்கத்தை அங்கே யாரும் திருப்பவில்லை. செத்தவர்கள் வரிசை கட்டிக் கிடந்த நேரம். அப்பா பெயரும் இல்லை, அம்மா பெயரும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. பெயரில்லாதவர்களை மொத்தமாகப் போடுகிற பொதுக்குழிக்கு அவனை எழுதிவிட்டார்கள்.

"நான் போய், இவன் என் அக்கா மகன் என்று சொல்லிவிட்டேன்" என்றார் லூஸ். "ராமோஸ் என்று எழுது என்றேன். எழுதினான். எங்கள் குழியைத் திறந்தான்."

நான் மறுபடி கல்லைப் பார்த்தேன்.

"அக்காவுக்கு நிஜமாகவே ஒரு மகன். லாரி ஓட்டினான். காணோம். அந்தச் சுவரில் அவனும் இருக்கிறான். கிடைத்தால் வைக்கலாம் என்று அக்கா வாங்கிவைத்த இடம் இது."

பின்னால் ஒரு பெண் குடையோடு வந்து நின்றிருந்தார். அவர்தான் அக்கா. ஒல்லியாக, லூஸின் பாதிதான் இருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கல்லைப் பார்த்தே பேசினார்.

"உங்களுக்குக் கத்துவதற்கு ஒரு கல்லாவது இருக்கிறது, ஐயா."

*

அதற்கடுத்த நாள் முனிசிபல் ஆபீஸ். லூஸும் கூட வந்தார். கல்லறை இலாகாவில் இருந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். சில வருஷம் கழிந்தால் குழியைத் திறக்கலாம், தொற்றில் செத்தவர் என்றால் தனி உத்தரவு வேண்டும், அதையும் வாங்கலாம். ஆனால் ரத்த உறவு கேட்க வேண்டும்.

அந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பெனடிக்ட் ராமோஸுக்கு நீங்கள் யார்?" என்று கேட்டார்.

என் சட்டைப்பையில் அவனுடைய ஞானஸ்நானச் சீட்டு இருந்தது. அவன் பள்ளிக்கூடச் சீட்டு இருந்தது. எல்லாவற்றிலும் என் பெயர். எடுத்து மேஜைமேல் போட்டிருந்தால் போதும். அப்புறம் அந்த அம்மா அடுத்த கேள்வியை லூஸிடம் கேட்டிருப்பார். அக்கா மகன் என்று பொய் சொல்லி, ஊர் தெரியாத பிணத்தை வைத்தது ஏன் என்று கேட்டிருப்பார். துப்பாக்கியும் பொதுக்குழியுமாக இருக்கிற ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன தண்டனை என்று ராகவனுக்கே தெரியவில்லை.

லூஸ் நேராக நின்றிருந்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சொல்லாதே என்று கெஞ்சியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

ராகவன் என் காதருகில், "மாமா, என்ன சொல்லட்டும்?" என்றார்.

"தெரிஞ்சவருன்னு சொல்லு."

"மாமா..."

"சொல்லுய்யா."

அவர் சொன்னார். அந்த அம்மா வருத்தம் தெரிவித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து, மழைக்கு ஒதுங்கி நின்று, மயிலாப்பூருக்குப் போன் போட்டேன். பிலோமினா விஷயத்தையெல்லாம் கேட்டாள். அழுவாள் என்று பார்த்தேன்.

"அந்தப் பொம்பள மட்டும் இல்லேன்னா?" என்றாள்.

"குழியில போட்ருப்பான். யாரு எவருன்னு தெரியாது."

"அப்ப அங்கியே இருக்கட்டும். அந்த அக்காக்காரி எந்தப் புள்ளைய நெனச்சு அழுவா, சொல்லு. அவளுக்கும் ஒண்ணு வேணும்ல." பிறகு, "அந்த ஊர்ல அம்மா பேரும் போடுவாங்கன்னியே, நெஜமாவா?"

"ஆமா."

"நல்ல ஊருதான்யா அது. இங்க பெத்து வளத்துட்டு நாப்பது வருசமா ஒன் ஒத்த எழுத்தப் பாத்துக்கினு கீறேன்."

போனை வைத்துவிட்டேன். அவள் அழத் தொடங்கியது காதில் விழுந்ததால் வைத்தேன்.

*

கிளம்புகிற அன்று லூஸ் கல் செதுக்குகிறவரை அழைத்து வந்தார். ராமோஸை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெயரில்தான் அவனுக்கு இடம். அந்தப் பெயரைத் தடவித்தான் ஒரு தாய் அங்கே உட்காருகிறாள். இருக்கட்டும். ஆனால் முன்னால் என் எழுத்து வர வேண்டும் என்றேன்.

செதுக்குகிறவர் கல்லைச் சுற்றிவந்து பார்த்தார். முன்னால் இடம் நெருக்கம், பின்னால் வேண்டுமானால் போடலாம் என்றார்.

"பின்னாடி போடறது எங்க ஊர் வழக்கம் இல்ல. அப்பன் எழுத்து முன்னாடிதான்."

"ஒற்றை எழுத்தைப் பார்த்து யாருக்கு என்ன புரியும், ஐயா?"

"புரியறவனுக்குப் புரியும்."

உளியை என்னிடம் கொடு, நான் செதுக்குகிறேன் என்றும் கேட்டேன். இரும்பை வெட்டினவனுக்குக் கல் எம்மாத்திரம்? தோட்டக்காரன் விடவில்லை. உத்தரவில்லாமல் வெளியாள் கல்லில் கைவைக்கக் கூடாதாம். வெளியாள் நான். மழை விட்டதும் செய்து வைக்கிறேன் என்று லூஸ் என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார். அந்த அம்மா வாக்குத் தவற மாட்டார். ஆனால் கண்ணால் பார்க்காமல் வேலை முடிந்தது என்று நான் எந்த நாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். அந்த ஆபீஸ் அம்மா படிக்கப் போவதில்லை. நீங்கள் படிப்பீர்கள். கப்பலில் போகிற பிள்ளைகளே, உங்களில் யாராவது மன்சனீயோவில் இறங்கினால், லூஸ் அம்மா கடையில் சாப்பிடுங்கள். அப்புறம் மேட்டுக்கு ஏறுங்கள். பெனடிக்ட் என்ற பெயருக்கு முன்னால் எம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். இல்லையென்றால் அந்தக் கல்லின் முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் படுத்திருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்: இவன் மரியதாஸ் மகன்.